ஒரு நெல் கூடுதல்

ஆவடி டிப்போவில் தச்சுப் பட்டறை என்று பெயருக்கு ஒன்று இருந்ததே தவிர, தச்சு வேலை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. பெட்டி, பெட்டி, பெட்டி. குண்டு வைக்கப் பெட்டி, பூட்ஸ் வைக்கப் பெட்டி, ஜாம் டப்பா அடுக்கப் பெட்டி. பட்டாபிராமில் பாட்டன் காலத்திலிருந்து மாட்டுவண்டி செய்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பலகையில் ஆணி அடித்துக்கொண்டே இருந்தால் எந்த மனுஷனுக்குத்தான் எரிச்சல் வராது? கோதண்டத்துக்கு வந்தது. ஆனால் யாரிடம் காட்டுவது? ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடியதே, அதற்கு அடுத்த வருஷம் அது. சக்கரத்துக்குப் பட்டை கட்ட இரும்பு கிடைக்கவில்லை, வண்டி கேட்டு ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. தங்கை நாகம்மாளின் புருஷன் வரதன் டிப்போவில் மேஸ்திரியாக இருந்தான். அவன்தான் கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே சேர்த்துவிட்டான்.

அப்படி ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் முன்னால்தான் ஒருநாள் ஆஸ்திரேலியாத் துரை வந்து நின்றார். மற்ற வெள்ளைக்காரர்களைப் போல அவர் விறைப்பாக நிற்கிறவர் இல்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்தார், வியர்வையைத் தொப்பியால் துடைத்துக்கொண்டார், கையிலிருந்த பெரிய வரைபடத்தை மரத்தூள் மேல் விரித்தார். கூடவே நாலைந்து போட்டோ. இரும்பு ஆமை மாதிரி ஒரு டாங்கி. தன் நாட்டிலேயே செய்த டாங்கி என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. ரைட்டர் பரந்தாமன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான்.

"இந்த டாங்கிய மரத்துல சின்னதா செஞ்சு தரணுமாம். அடிக்கு அரை அங்குலம். அசலு இருபது அடின்னா பொம்மை பத்து அங்குலம். ஆறு பொம்மை வேணுமாம்."

கோதண்டம் வரதன் காதில் கிசுகிசுத்தான். "இன்னா மாப்ளே, நெசம் டாங்கிய வெச்சிக்கினு பொம்ம கேக்கறான் இந்தாளு? தொரை ஊட்டுல கொழந்த அழுவுதா?"

வரதன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். துரையே விளக்கம் சொன்னார். சண்டையில் தூரத்தில் ஒரு டாங்கி தெரிந்தால் அது நம்முடையதா எதிராளியுடையதா என்று கண்மூடித் திறப்பதற்குள் தெரியவேண்டும். தெரியாமல் நம் ஆட்களையே நாம் சுட்ட கதையும் உண்டு. அதற்காக மணலைக் கொட்டி, மேலே சின்ன டாங்கிகளை வைத்து, சிப்பாய்களைத் தள்ளி உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். எது யாருடையது, எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று நீளத்தைப் பார்த்தே அவர்கள் சொல்லவேண்டும். அதனால் அளவில் மயிரிழைகூடப் பிசகக்கூடாது.

"மச்சான் செய்வாரு சார்," என்று வரதன் ஓரடி முன்னால் வந்தான். "வண்டி செய்யற கை. இந்தச் சுத்துவட்டாரத்துல இவரு மாதிரி கை கிடையாது."

துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்ததும் வரதனுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். அவன் ஒரே மகன் கங்காதரன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். அசாம் பக்கம், பர்மா எல்லையில். பையனை ஆவடிக்கே டிரைவராக மாற்றிக்கொடுக்க துரை ஒரு வார்த்தை சொல்லமுடியுமா? பரந்தாமன் இதைச் சொல்லவே தயங்கினான். ஆனால் துரை கோபித்துக்கொள்ளவில்லை. டிப்போவுக்கு டிரைவர்கள் தேவைதான், ஆள் போடுகிற கர்னல் தனக்குச் சிநேகிதர்தான் என்றார். பொம்மைகள் பொங்கலுக்குள் சரியாக வந்து சேர்ந்தால் வரதனின் பெயரைச் சொல்லிப் பையனைக் கேட்டு வாங்குவதாகக் கையைக் கொடுத்துச் சொன்னார்.

அன்றைக்கு நாகம்மாள் வீட்டில் ஒரே அமர்க்களம். "ஆறு பொம்மைக்கு எம்புள்ள வந்துடுவானா? மெய்யாலுமா?" என்று புருஷனை நாலு தடவை கேட்டாள், நம்பாமல் அண்ணனை நாலு தடவை கேட்டாள். மாங்காட்டு அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். கடைசியில் அண்ணன் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் கையிலதான்ணா எம்புள்ள உசுரு கீது," என்று அழுதாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. ஆனால் எங்கே தொடங்குவது? வண்டிக்கு அச்சு எங்கே, ஆரக்கால் எங்கே என்று அவன் கைக்குத் தானாகத் தெரியும். இதற்கு மேல் எது, கீழ் எது என்றே பிடிபடவில்லை. முதலில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துச் செதுக்கிப் பார்த்தான். ஓரளவுக்கு டாங்கி மாதிரியே வந்தது. தங்கை வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான், நாகம்மாள் அதை அவித்துவிட்டாள். இரண்டாவது டாங்கியைக் களிமண்ணில் பிடித்தான். மூன்றாவதைத்தான் மரத்தில் ஆரம்பித்தான். தேக்கு வேண்டாம், ரேகை பெரிது, சின்ன வேலைக்குச் சிம்பு சிம்பாகப் பெயரும் என்று, பூந்தமல்லிப் பக்கம் போய் நன்றாகக் காய்ந்த வெப்பாலை மரம் வாங்கிவந்தான். தந்தம் மாதிரி வெளுப்பு. இழைத்தால் கண்ணாடி.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. உடம்பை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பலகை ஒட்டிச் செதுக்கினான். மேலே சுற்றுகிற கூண்டைக் கடைசல் பிடித்தான். பீரங்கிக்குக் கம்பி. டாங்கியின் முன்பக்கத்தில், துப்பாக்கியை மூடிக்கொண்டு மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு மரத்தூள் அள்ள வந்த அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பட்டறையே சிரித்தது. கோதண்டம் காதுவரைக்கும் சிவந்துபோய் அதைத் துணி போட்டு மூடிவைத்தான். வெள்ளைக்காரன் ஊரில் வெட்கம் கிட்கம் கிடையாதா என்று திட்டிக்கொண்டேதான் அதைச் செதுக்கினான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுத்தவன் வரதன். ஒரு மரச்சட்டத்தில் கோடு கிழித்து அளவுகோல் செய்து, அதையே எல்லோருக்கும் கொடுத்தான். உடம்பு கோதண்டம். இரண்டு பக்கமும் ஓடுகிற சங்கிலிப் பட்டை வேம்புலி, அவன் அடுத்த மேஜைக்காரன். "மச்சான், கோலு சொல்றதுதான் அளவு. உன் கண்ணு சொல்றது இல்ல, என் கண்ணு சொல்றது இல்ல," என்று வரதன் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான்.

அங்கேதான் வந்தது வினை.

வண்டி செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் நீளத்தை விரற்கடை, அதாவது விரல் அகலக் கணக்கில் எடுத்து, வரவு செலவு பார்ப்பார்கள். எட்டால் பெருக்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தள்ளினால் மிஞ்சுவது வரவு. ஒன்பதால் பெருக்கிப் பத்துப் பத்தாகத் தள்ளினால் மிஞ்சுவது செலவு. வரவு தூக்கலாக இருக்கவேண்டும். செலவு தூக்கினால் அந்தக் கட்டிலில் படுத்தவன் எழமாட்டான், அந்த வண்டியில் ஏறியவன் வீடு திரும்பமாட்டான். கோதண்டம் ஒரு முக்காலி செய்தாலும் இந்தக் கணக்கைப் போடாமல் உளியைத் தொடமாட்டான். பெட்டி அடிக்கும்போதுதான் போடவில்லை, பெட்டிக்குள் யாரும் உட்காரப் போவதில்லையே!

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கை சும்மா இருந்தது, மனசு சும்மா இருக்கவில்லை. வரைபடத்தில் எழுதியிருந்த அசல் டாங்கியின் நீளத்தை விரற்கடையாக மாற்றி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டான். வரவு எட்டு. செலவு ஒன்பது.

அழித்துவிட்டு மறுபடி போட்டான். எட்டு, ஒன்பது.

அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். உள்ளே ஐந்து பேர் உட்காருவார்கள் என்று துரை சொல்லியிருந்தார். ஐந்து பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள், கங்காதரன் வயசுப் பிள்ளைகள். அந்த ஊர்த் தச்சனுக்குக் கணக்குத் தெரியவில்லை, செய்து தொலைத்துவிட்டான். தெரிந்த நான் எப்படி அதே அளவில் செய்வேன்? பொம்மைதானே என்று விடவும் மனசு வரவில்லை. தேர் செய்வதற்கு முன்னால் சின்னதாகச் செய்து பார்க்கிற தேருக்கும் கணக்கு உண்டு. சின்னதில் சரியாக இருந்தால்தான் பெரியதிலும் சரியாகும் என்பது அவன் அப்பன் சொல்லிக்கொடுத்தது. அசலில் மூன்று விரற்கடை நீட்டினால் வரவு எட்டு, செலவு ஆறு. அருமையான அளவு. அசலில் மூன்று விரற்கடை என்றால் பொம்மையில் எவ்வளவு? ஒரு விரற்கடையை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. அதற்கு ஒரு நெல் என்று பெயர். ஒரே ஒரு நெல் நீளம்தான்.

ஒரு நெல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? கோதண்டம் நீட்டிவிட்டான். ஆறு உடம்பையும் அப்படியே வெட்டினான். வரதனிடம் சொல்லவில்லை. சொன்னால் கோலைக் காட்டுவான், வேண்டாம் என்பான். முகம் தெரியாத ஐந்து பிள்ளைகளின் தலையெழுத்தைத் தன் உளியால் திருத்திவிட்டதாக அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். மனுஷனுக்கு இந்தப் பெருமிதம் வந்துவிட்டால் போதும், அவனைக் கெடுக்க வேறு எதிரி வேண்டாம்.

வேம்புலி பட்டைகளைக் கொண்டுவந்து பொருத்தியபோது ஒரு நெல் குறைந்தது. "இன்னாண்ணாத்தே, என் பட்ட சின்னதா பூட்ச்சா?" என்று அவன் தலையைச் சொறிந்தான். "கோலு வெச்சித்தானே வெட்னேன்!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். திருத்த நாளும் இருந்தது. கோதண்டம் என்ன செய்தான் தெரியுமா? "மரம் காஞ்சா சுருங்கும்டா, வுடு, நான் பாத்துக்கறேன்," என்று அவனை அனுப்பிவிட்டு, இடைவெளியில் ஒரு சிம்பைச் செருகி, வச்சிரப் பசை வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டான். அதன்மேல் பச்சைச் சாயம் ஏறியதும் பிரம்மனே வந்தாலும் கண்டுபிடிக்கமுடியாது.

பொங்கலுக்கு முன்னாடியே துரை வந்தார். மேஜைமேல் ஆறு டாங்கிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்ததும் துரையின் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்துக் கூண்டைச் சுழற்றினார், மூக்கைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், கோதண்டத்தின் தோளைத் தட்டினார். வரதன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மகன் வந்து வாசலில் இறங்கியதாகவே அவன் நினைத்துவிட்டான்.

பிறகு துரை பையிலிருந்து ஒரு பித்தளை அளவுகருவியை எடுத்தார். டாங்கியின் மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம்வரை வைத்தார். நெற்றி சுருங்கியது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். ஆறையும் அளந்து முடித்தபோது அந்தச் சின்னப் பிள்ளை முகம் போய்விட்டிருந்தது. ஒரு பேனாக்கத்தியை எடுத்துப் பட்டை ஓரத்தைச் சுரண்டினார். பச்சைச் சாயத்துக்கு அடியிலிருந்து சிம்பு வெளியே வந்தது.

"ஒண்ணு தப்பினா கைப்பிசகு, ஆறும் ஒரே மாதிரி தப்பினா எப்படின்னு கேக்கறாரு," என்றான் பரந்தாமன். "இத்த வெச்சிப் பழகறவன் தூரத்தத் தப்பா சொல்லுவானாம். தப்ப மறைக்கச் சிம்பு வேற வெச்சிகீதாம். அளந்தது யாருன்னு கேக்கறாரு."

ஊருக்கு ஊர் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள் என்று போன வருஷம்தான் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். பட்டாளத்து வேலையில் வேண்டுமென்றே அளவை மாற்றினான் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வரதன் சிம்பைப் பார்த்தான். ஆறு டாங்கிகளைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான், ஒரே ஒரு தடவை.

கோதண்டம் வச்சிரக் கிண்ணத்தைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அடியில் காய்ந்துபோன வச்சிரமும் ஒரு செத்த ஈயும். வாயைத் திறந்தால் கணக்கைச் சொல்லவேண்டும். எட்டு வரவு ஒன்பது செலவு என்று இந்த வெள்ளைக்காரனிடம் சொன்னால் சிரிப்பானா, ஜெயிலில் போடுவானா? இரண்டையும் நினைத்தான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் சார் அளந்தேன்," என்றான் வரதன். "கோலு என் கையால செஞ்சது. கோடு தப்பாயிடுச்சி."

துரை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பொம்மைகளைத் துணியில் சுற்றி ஓரமாகத் தள்ளினார். வேலையை வேறு ஊர்ப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மகன் விஷயமாக வரதன் ஏதோ கேட்க வாயெடுத்தான், துரை தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று சாயந்திரமே வரதனை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, ஆணி அடிக்கிற ஆளாகப் பெட்டிக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோதண்டத்துக்கு அன்றிலிருந்து யார் முகத்தையும் பார்க்கக் கூசியது. டிப்போவுக்குக் குறுக்கு வழியாகப் போனான், திரும்பினான். பெட்டிக் கொட்டகையில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் தலை திரும்பாது. அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்து பல காலம், சாப்பாடு எப்போதும் தங்கை வீட்டில்தான். அங்கே போகாமல் இரண்டு வேளை பட்டினி கிடந்து பார்த்தான். நாகம்மாள் ஆள் அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கொரட்டூர் ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாகம்மாள் அண்ணன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள், புருஷன் தட்டில் குழம்பை ஊற்றினாள், கூடவே வசவையும் ஊற்றினாள்.

"கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்கறதுதானே? எங்கண்ணன் ராவும் பகலும் உக்காந்து செதுக்கிச்சு. ஒரு கோடு, ஒரே ஒரு கோடு ஒழுங்கா கிழிக்க உனுக்குத் துப்பு இல்ல. எம்புள்ள அங்க குண்டு மழையில லாரி ஓட்டிகினு கீறான். நீயெல்லாம் ஒரு மேஸ்திரி. தூ!"

வரதன் முள்ளைப் பொறுக்கித் தட்டோரத்தில் வைத்தான்.

"நீ துன்னுண்ணா. உன் வேலையுந்தான் பாழாப்போச்சு இந்தாளால. இன்னும் ரெண்டு துண்டு போடறேன்." போட்டாள். கோதண்டம் பிசைந்தான், வாயில் வைத்தான், விழுங்கினான். மீன் மண்ணாக இருந்தது. பூமி பிளந்து தன்னைத் தட்டோடு விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கு வரவேண்டிய வசவையெல்லாம் வாங்கித் தின்கிறான், தான் அவன் பங்கு மீனையும் சேர்த்துத் தின்கிறோம். இதைவிடக் கேவலமாக ஒருவன் சோறு தின்னமுடியுமா?

கை கழுவிவிட்டு வரதன் ரயில் பாதை ஓரமாக நடந்தான். கோதண்டம் பின்னாலேயே ஓடினான்.

"மாப்ளே, நில்லு மாப்ளே. ஒரு நெல்லு... நான்தான்..."

"தெரியும்," என்றான் வரதன். "தொரை சுரண்டினப்பவே தெரிஞ்சிபோச்சு. நம்ப பட்டறையில வேற எவன் ஒரு நெல்லு நீட்டுவான்? கணக்கு ஒதச்சிருக்கும் உனுக்கு."

"ஒதச்சிச்சு மாப்ளே. செலவு ஒம்போது. உள்ள அஞ்சு புள்ளைங்க ஒக்காருவாங்களாமே..."

"சரி. நல்லதுக்குத்தான் செஞ்சே. அத்த நான் ஒண்ணியும் சொல்லல. ஆனா அந்தாளு கேட்டப்போ இன்னாத்துக்கு மச்சான் கிண்ணத்தப் பாத்தே?"

ஒரு ரயில் வந்து, பட்டாளத்துச் சைடிங் பக்கம் திரும்பி, போய் முடிகிறவரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

"நான் போயி நாகம்மாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதே," என்றான் வரதன் சட்டென்று. "என்னத் திட்றாளா, திட்டிட்டுப் போறா. நான் புருஷன், ராத்திரிக்குச் சரியாயிடும். உன்ன திட்ட ஆரம்பிச்சான்னா அவளுக்கு அப்பால பொறந்த ஊடுன்னு ஒண்ணு இருக்காது. அதுக்குத்தான் நான் வாயத் தொறக்கல. உனுக்காக இல்ல."

உனக்காக இல்லை. அந்தச் சொல் கோதண்டத்தின் நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாள் அவன் துரையைத் தேடிக்கொண்டு போனான். ஜெயிலானாலும் சரி என்று போனான். துரை ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பரந்தாமனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து எல்லாவற்றையும் சொன்னான். விரற்கடை, வரவு, செலவு, நெல், சிம்பு, கிண்ணம்வரைக்கும். பரந்தாமன் எதை எப்படிச் சொன்னானோ, துரை சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் பதில் சொன்னார்.

"அந்த டாங்கியில ஏறி ஒருத்தனும் சண்டைக்குப் போவலியாம்," என்றான் பரந்தாமன். "போவப்போறதும் இல்லையாம். அவங்க ஊர்லயே பழகறதுக்கு மட்டும் வெச்சிக்கினாங்களாம். சண்டைக்கு வேற தேசத்து டாங்கி வருதுன்னு இப்பத்தான் கடுதாசி வந்துதாம். நீ காப்பாத்தணும்னு நெனச்ச புள்ளைங்க அந்த வண்டியில இல்லவே இல்லன்னு சொல்றாரு."

வரதனை மறுபடி மேஸ்திரியாக்கும்படி சொல்லிவிட்டுப் போவதாகத் துரை சொன்னார். கோதண்டத்தின் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். இதற்கா அந்த நாக்கு அன்றைக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது! பையன் விஷயம் என்று கோதண்டம் இழுத்தான். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிப்போவுக்கு வேண்டிய டிரைவர்களைப் போன வாரமே போட்டாயிற்றாம். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பொம்மையைத் திருத்த வைத்து, பையனையும் கேட்டு வாங்கியிருப்பாராம். இனிமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

வரதன் சொல்லாதே என்றுதான் சொன்னான். கோதண்டம் நாகம்மாள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனான். ஆனால் போய் உட்கார்ந்ததும் அவள் தட்டு வைத்து, சூடாகச் சோற்றைப் போட்டு, "மூஞ்சி ஏண்ணா இப்படி வாடிப்போச்சு? எல்லாம் இந்தாளு பண்ண வேல," என்று மறுபடி ஆரம்பித்தாள். பின்கட்டில் வரதன் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. கோதண்டத்தால் அந்தச் சோற்றைத் தொடமுடியவில்லை.

"அவரு இல்ல நாகம்மா. நான்தான்," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். கணக்கைச் சொன்னான், சிம்பைச் சொன்னான், அளந்தது யார் என்று துரை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றதைச் சொன்னான். துரை கடைசியாகச் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு வசவுக்குக் காத்திருந்தான். நாகம்மாள் வாயைத் திறந்தால் தெருவே நின்று கேட்கும். காறித் துப்பட்டும், விளக்குமாற்றை எடுக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தான்.

நாகம்மாள் திட்டவில்லை. கரண்டியைச் சோற்றுப் பானைமேல் குறுக்காக வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"எவனும் ஏறாத வண்டிக்கு ஒரு நெல்லு நீட்டினே," என்றாள். குரல் உயரவே இல்லை. "எம்புள்ளைக்கு ஒரு வார்த்த பேசலியேண்ணா."

நாகம்மாள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். விறகு பிளக்கிற சத்தம் நின்றது. "கோடாலிய வையி," என்று அவள் சொல்வது கேட்டது. "எத்தினி பேச்சு பேசிட்டேன்யா உன்ன. ஒரு வார்த்த சொல்லக்கூடாது? எல்லாத்தையும் வாங்கிகினு ஒக்காந்திருந்தியே..." அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. வரதன் ஏதோ சமாதானம் சொன்னான், கோதண்டத்துக்கு அது காதில் விழவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் பின்கட்டிலேயே இருந்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரவில்லை. கோதண்டம் சோற்றுத் தட்டை மூடிவைத்துவிட்டு, முன்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போனான்.